பழைய கேஸ் மாஸ்க், கெமிக்கல் சூட் சேகரிக்க ஆரம்பிக்கிறவங்களுக்கு: எதைத் தொடலாம், எதைத் தொடவே கூடாது

புதுசா இந்தப் பக்கம் வர்றவங்க எல்லாரும் முதல்ல கேக்குறது ஒண்ணுதான், "போர்ல அடிச்ச விஷவாயு இன்னும் இதுல ஒட்டிட்டு இருக்குமா?" பெரும்பாலும் இருக்காதுங்க. விலைக்கு வர்ற மாஸ்க்கும் சூட்டும் பெரும்பாலும் குடோன்ல கிடந்தே வயசானது, இல்லைன்னா டிரெயினிங்ல மட்டும் மாட்டிக் கழட்டினது. பயப்பட வேண்டியது எதிரி போட்ட விஷத்துக்கு இல்ல, சிப்பாயைக் காப்பாத்தணும்னு ஃபேக்டரியிலயே உள்ள வச்சு அனுப்பின சாமானுக்குத்தான். ஃபில்டர்ல கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், கரியில குரோமியம், தோலைத் துடைக்கிற கிட்ல காரம், வாயுவைக் கண்டுபிடிக்கிற கிட்ல பாதரச உப்பு, சில கருவியில கதிரியக்கப் பொருள் வேற. இதை மனசுல வச்சுக்கிட்டுப் படிங்க.

வாங்குறதுக்கு முன்னாடி

விக்கிறவர்கிட்ட "கண்டிஷன் எப்படி"ன்னு மட்டும் கேட்டா "சூப்பர் கண்டிஷன்"னுதான் பதில் வரும், அதனால குறிப்பா கேளுங்க. எந்த நாடு, எந்த மாடல், ஃபில்டர் கூட வருதா, ஃபில்டர் மேல அடிச்ச முத்திரை, வருஷம் தெரியுற மாதிரி போட்டோ இருக்கா, டப்பா துருப்பிடிச்சிருக்கா, ஆட்டினா உள்ள கலகலன்னு சத்தம் வருதா (இதை அவரை ஆட்டிப் பாக்கச் சொல்லாதீங்க, ஏற்கனவே தெரியுமான்னு மட்டும் கேளுங்க). பையோட வந்தா பைக்குள்ள வேற என்ன இருக்குன்னு ஒவ்வொண்ணா போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. பிரச்சனை பண்ற சாமான் மாஸ்க்ல இருக்கிறதை விட பையோட மூலையில கிடக்கிற சின்ன டப்பாவுல, ட்யூப்ல, ஊசியிலதான் அதிகம் இருக்கும்.

ஃபில்டர் இல்லாம முகத்தில மாட்டுற பாகம் மட்டும் கிடைக்குதுன்னா புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு அதுதான் நல்லது, "முழு செட்"டுங்கிற ஆசை கொஞ்சம் வெயிட் பண்ணட்டும். ஃபில்டரோடதான் தருவேன்னா திறப்பு எல்லாத்தையும் மூடி போட்டு அடைச்சு, ரெண்டு பிளாஸ்டிக் கவர்ல தனித்தனியா போட்டு அனுப்பச் சொல்லுங்க. ரசாயன கிட், மருந்து ஊசி, கதிரியக்கக் கருவி இதையெல்லாம் தபால்லயோ கூரியர்லயோ சும்மா அனுப்பவே கூடாது, நிறைய நாட்டுல அது குற்றம், வாங்குறவர் தலையிலயும் வந்து விடியும்.

ஃபில்டர்தான் முதல் எதிரி

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமா படிங்க.

ரெண்டாம் உலகப்போர் சமயத்துல புகை மாதிரி பொடியா பறக்கிற விஷத்தைத் தடுக்கிறதுக்கு கல்நார் நாரைத்தான் நம்பினாங்க, இழை அவ்வளவு மெல்லிசு, அதனால ரொம்ப நல்லா வடிகட்டும். பிரிட்டிஷ்காரங்க கம்பளி நாரோட நீலக் கல்நாரைக் கலந்து வச்சாங்க, அதுதான் குரோசிடோலைட், கல்நார் வகையிலயே ரொம்ப மோசமானது. பிடிபட்ட ஜெர்மன் மாஸ்க்கோட ஃபில்டர் பேப்பர்லயும் கல்நார் இருந்துச்சு, அதைப் பாத்து அமெரிக்காவும் தனக்கு ஒண்ணு செஞ்சுக்கிச்சு, இன்னைக்கு ஏர் பியூரிஃபையர்ல இருக்கிற ஹெப்பா ஃபில்டரோட பூர்வீகமே அந்தப் பேப்பர்தான். ஆக ஒரு நாட்டோட பிரச்சனை இல்ல இது, அந்தக் காலத்து டெக்னாலஜியே அதுதான்.

1938 செப்டம்பர்ல மியூனிக் நெருக்கடி (ஜெர்மனியோட போர் வந்துடும்ங்கிற பயம்) வந்தப்போ பிரிட்டன்ல பொதுமக்களுக்குக் கொடுத்த மாஸ்க் மட்டும் சுமார் 3 கோடியே 80 லட்சம். அதனாலதான் இன்னைக்கும் சல்லிசா கிடைக்குது, பரண்ல இருந்து எடுத்து ஸ்கூல் பசங்க தலையில மாட்டி போட்டோ எடுக்கிற பழக்கமும் ரொம்ப நாள் இருந்துச்சு. 2014ல பிரிட்டனோட சுகாதார பாதுகாப்புத் துறை, ஹெச்எஸ்இ, இந்த மாஸ்க்குகளைப் பரிசோதிச்சுப் பாத்துட்டு பெரும்பாலானதுல கல்நார் இருக்கு, யாரும் மாட்டாதீங்க, கிளாஸ்ரூம்ல கையில கொடுக்காதீங்கன்னு தெளிவா சொல்லிடுச்சு. போர் சமயத்துல நாட்டிங்ஹாம், பிளாக்பர்ன் ஊர்கள்ல உக்காந்து ராணுவ மாஸ்க் ஃபில்டரை அசெம்பிள் பண்ண தொழிலாளிகள்ல, பெரும்பாலும் பெண்கள், நிறைய பேருக்குப் பல வருஷம் கழிச்சு மீசோதீலியோமாங்கிற நுரையீரல் உறைப் புற்றுநோய் வந்துச்சு. நார் உள்ள போய் 20, 30, 40 வருஷம் கழிச்சு வர்ற நோய் அது, இன்னைக்கு இருமல் வரலைங்கிறதுக்காக ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம் கிடையாது.

பிரிட்டிஷ் சிவிலியன் மாஸ்க்கைக் கையில வாங்கினா முன்னாடி ஒரு தகர டப்பா, அதைச் சுத்தி ஒரு தடி ரப்பர் வளையம், சிலதுல டப்பாவுக்கு மேல இன்னொரு சின்ன டப்பா டேப்பால ஒட்டியிருக்கும் பாருங்க, அதுக்குப் பேரு கான்டெக்ஸ், ஆர்சனிக் புகைக்காக 1940ல கூட சேத்தது. அந்த டேப் இப்ப காஞ்சு உரிஞ்சு நிக்கும், கை தன்னால அதைப் பிய்க்கப் போகும். பிய்க்காதீங்க. அப்படியே விட்டு, தளராம இருக்க மேல பிளாஸ்டிக் ஷீட்டை ஒரு சுத்து சுத்துங்க போதும்.

சோவியத் ஜிபி-5, அந்த வெள்ளைத் தலை மாஸ்க், எல்லார் கலெக்ஷன்லயும் முதல்ல வர்றது அதுதான். அதோட ஃபில்டர்ல கல்நார் இருக்கா இல்லையான்னு சண்டை ஓயவே ஓயாது, சில வருஷத்து ஃபில்டரை டெஸ்ட் பண்ணவங்க இருக்குங்கிறாங்க, வேற வருஷத்தை எடுத்தவங்க இல்லைங்கிறாங்க. என்னைக் கேட்டா இந்தச் சண்டையே வேஸ்ட், பழைய ராணுவ ஃபில்டர் எதுவா இருந்தாலும் உள்ள கல்நார் இருக்குன்னே வச்சுக்கிட்டு நடந்துக்கோங்க, அதனால நமக்கு ஒரு நஷ்டமும் இல்ல.

அடுத்தது கரி. அமெரிக்க ஃபில்டர்கள்ல ரொம்ப நாளா ஏஎஸ்சிங்கிற கரி போட்டாங்க, அதுல தாமிரம், வெள்ளி, கூடவே புற்றுநோய் வரவைக்கிற ஆறு இணைதிறன் குரோமியம். சி2ங்கிற ஃபில்டர் டப்பாவுல இது உண்டு, பின்னாடி வந்த சி2ஏ1ல குரோமியத்தை எடுத்துட்டு துத்தநாகம், மாலிப்டினம் பக்கம் போயிட்டாங்க. அமெரிக்க எம்17 மாஸ்க் இன்னும் வம்பு, அதுல ஃபில்டர் வெளிய தொங்காது, கன்னத்துக்குள்ள ரப்பர் பாக்கெட்ல மடிச்சுச் செருகியிருக்கும், வெளிய எடுக்க நல்லா இழுக்கணும், பழசா இருந்தா இழுக்கிறப்பவே கிழிஞ்சு கருப்புத் தூள் கையெல்லாம் கொட்டும். அதனால எம்17 வாங்கினா கன்னத்தைக் கிள்ளாம அப்படியே வைங்க, போட்டுப் பாக்கிற ஆசையை அங்கேயே விட்டுடுங்க.

இப்ப ஃபில்டரை என்ன பண்றதுன்னா: திறக்காதீங்க, ஆட்டாதீங்க, துளை போடாதீங்க, உள்ள தண்ணி விட்டுக் கழுவாதீங்க, "உள்ள இருக்கிறதைக் கொட்டிட்டு காலி டப்பாவா வச்சுக்கலாம்"ங்கிற யோசனை ரொம்பப் பேருக்கு வரும், இருக்கிறதுலயே மோசமான யோசனை அதுதான். மேல, கீழ ரெண்டு திறப்பையும் பிளாஸ்டிக் மூடியால அடைங்க, மூடி கிடைக்கலைன்னா தடிமனான பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டி வச்சு ஓரத்துல டேப் ஒட்டுங்க, டேப்போட பசை பெயிண்ட்டையும் எழுத்தையும் உரிச்சிடும்ங்கிறதால முத்திரை இருக்கிற இடத்துல படாம பாத்துக்கோங்க. துரு ஓட்டை விழுந்த டப்பாவா இருந்தா அலமாரிக்கே கொண்டு போகாதீங்க, ரெண்டு கவர்ல போட்டுக் கட்டி ஆபத்தான கழிவா கொடுத்துடுங்க.

பார்சல் வந்ததும்

வீட்டுக்குள்ள, கார்ப்பெட் மேல, சமையலறை மேசை மேல பிரிக்காதீங்க. காத்து வேகமா அடிக்காத வெளி இடம் இருந்தா நல்லது, இல்லைன்னா சாமான் இல்லாத ஒரு ரூம்ல ஃபேனை நிறுத்திட்டு தரையில பிளாஸ்டிக் ஷீட் விரிச்சுக்கோங்க. நைட்ரைல் கையுறை, எஃப்எஃப்பி3 இல்லைன்னா பி100 தரத்துல ஒரு மாஸ்க், துணி மாஸ்க்கும் சர்ஜிக்கல் மாஸ்க்கும் இதுக்குப் பத்தாது. ஒரு ஸ்ப்ரே பாட்டில்ல தண்ணி, அதுல பாத்திரம் தேய்க்கிற சோப்பு ரெண்டு சொட்டு. பார்சலைத் திறந்ததும் உள்ள தூசி தெரிஞ்சா அதை ஊதாதீங்க, தட்டாதீங்க, லேசா ஸ்ப்ரே பண்ணி நனைச்சு ஈரத்துணியால ஒத்தி எடுத்து அந்தத் துணியையும் கவர்ல போட்டுக் கட்டிடுங்க. வீட்டு வேக்குவம் கிளீனரை மட்டும் எடுக்கவே கூடாது, அது மெல்லிசான நாரை எல்லாம் பின்பக்கம் வழியா ரூம் பூரா ஊதி விடும்.

பையை மறந்துடாதீங்க. ஃபில்டர் பல வருஷம் அந்தக் கேன்வாஸ் பைக்குள்ளேயே உரசிட்டு இருந்திருக்கும், நார் இருந்தா பையோட தையல்லயும் இருக்கும். உதறவும் கூடாது, வாஷிங் மெஷின்ல போடவும் கூடாது, உள்பக்கத்தை ஈரத்துணியால ஒத்தி எடுத்துட்டு கவர்ல வைங்க.

பைக்குள்ள கிடக்கிற கிட்டுகள்

ஒவ்வொரு நாட்டுக்கும் தோல்ல பட்ட விஷத்தைத் துடைக்க ஒரு கிட் உண்டு. ஜெர்மன் கிட் பேக்கலைட் பெட்டியில வெள்ளை மாத்திரையா வரும், லோசான்டின்னு பேரு, உள்ள இருக்கிறது கால்சியம் ஹைப்போகுளோரைட், அதாவது பிளீச்சிங் சரக்கு, எண்ணெய், கிரீஸ், காகிதம் பக்கத்துல வைக்கக் கூடாது, பக்கத்துல இருக்கிற இரும்பெல்லாம் துருவேறிடும். அமெரிக்க எம்258ஏ1ல ஒரு பாக்கெட்ல ஃபீனாலும் காஸ்டிக் சோடாவும் ஊறின துணி, பாக்கெட் பழசாகி ஒழுகினா தோல் வெந்துடும். பெரிய வண்டி, கருவி கழுவுற டிஎஸ்2ங்கிற திரவம் இன்னும் மோசம், தோலையும் அரிக்கும், தீயும் பிடிக்கும், அது நிரம்பின டப்பாவை எவ்வளவு அழகா இருந்தாலும் வாங்காதீங்க. ஃபுல்லர்ஸ் எர்த் மண்ணுப் பொட்டலம் மட்டும் வச்சிருக்கிற பிரிட்டிஷ் கிட் மாதிரி சிலது பரவாயில்ல, அதுலயும் தூள் பறக்காம பாத்துக்கிட்டா போதும்.

விஷவாயுவைக் கண்டுபிடிக்கிற அமெரிக்க எம்256 கிட்டைக் கொஞ்சம் ஜாக்கிரதையா பாருங்க. கிரெடிட் கார்டு சைஸுக்கு பிளாஸ்டிக் அட்டை, அதுல குட்டிக் குட்டியா கண்ணாடி ஆம்பூல், நசுக்கினா கலர் மாறும், பாத்தா விளையாட்டுச் சாமான் மாதிரிதான் இருக்கும், ஆனா உள்ள மெர்குரிக் சயனைடு இருக்கு. ஃபாயிலைப் பிரிக்காம வைங்க, டெமோ காட்டுறேன்னு நசுக்கவே நசுக்காதீங்க.

அதே வேலைக்கான சோவியத் வி-பி-கே-ஹெச்-ஆர் கிட் ஒரு அழகான இரும்புப் பெட்டி, கைப்பம்பு, கூடவே கண்ணாடி ட்யூப் கட்டு. சிவப்பு வளையமும் புள்ளியும் இருந்தா நரம்பு விஷத்துக்கு, மூணு பச்சை வளையம் ஃபாஸ்ஜீன், சயனைடு வகைக்கு, ஒரு மஞ்சள் வளையம் மஸ்டர்டுக்கு (தோலைக் கொப்புளிக்க வைக்கிற விஷம்). ட்யூப்ல இருக்கிறது விஷவாயு இல்ல, கண்டுபிடிக்கிற ரசாயனம், இருந்தாலும் உள்ளுக்குள்ள இன்னொரு ஆம்பூல், விரிசல் விட்ட கண்ணாடி, எல்லாம் கையை வெட்டத் தயாரா இருக்கும். பெட்டியையும் பம்பையும் ஷோவுக்கு வச்சுட்டு ட்யூப் கட்டை ஒரு இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவுல தனியா எடுத்து வைக்கிறதுதான் புத்திசாலித்தனம்.

ஊசிகள். நரம்பு விஷத்துக்கு அட்ரோபின், பிராலிடாக்ஸைம் போட்ட ஆட்டோ இன்ஜெக்டர், பேனா மாதிரி இருக்கும், மருந்து எக்ஸ்பைரி ஆனாலும் ஸ்பிரிங் எக்ஸ்பைரி ஆகாது, தொடையில அழுத்தினா இன்னைக்கும் துணியைத் துளைச்சிட்டு இறங்கும். பல பேர் சட்டைப் பையில குத்தி வச்சு போஸ் கொடுக்கிறாங்க, தயவுசெஞ்சு வேண்டாம், டிரெயினர்னு ஊசியில்லாத மாடலே கிடைக்குது. டயஸிபாம் போட்ட ஊசி, சோவியத் ஏஐ-2ங்கிற ஆரஞ்சு மருந்துப் பெட்டியில ஒரு குழியில வர்ற புரோமிடால்ங்கிற வலி மருந்து, ரெண்டும் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து, வச்சிருந்தாலே போலீஸ் கேஸ் ஆகுற நாடுகள் நிறைய. ஏஐ-2 வாங்கினா காலிப் பெட்டியா வாங்குங்க.

கதிரியக்கம் பத்தி ரெண்டு வரி: அமெரிக்க எம்8ஏ1 விஷவாயு அலாரத்தோட எம்43ஏ1 டிடெக்டர்ல அமெரீசியம்-241, கையில பிடிச்சு மோந்து பாக்கிற மாதிரி இருக்கிற கெமிக்கல் ஏஜென்ட் மானிட்டர்ல நிக்கல்-63. இதுக்கெல்லாம் லைசென்ஸ் வேணும், ஸ்க்ரூ டிரைவரை எடுக்கவே கூடாது. உள்ள இருக்கிறதை முறையா எடுத்துட்டதா எழுத்துல இருந்தா மட்டும் வெளிக்கூட்டை வாங்கலாம்.

இதைப் பாத்தா விலகி நடங்க

அமெரிக்காவுல 1928லிருந்து 1969 வரைக்கும் சிப்பாய்ங்களுக்கு வாசனை அடையாளம் காட்ட நிஜ விஷத்தையே கண்ணாடியில அடைச்சு டிரெயினிங் செட் செஞ்சாங்க, கே951, கே952ன்னு பேரு, உள்ள மஸ்டர்டு, லூயிசைட், குளோரோபிக்ரின், ஃபாஸ்ஜீன், ஆம்பூல் ஆம்பூலா இரும்பு உருளைக்குள்ள அடுக்கி வச்சிருக்கும். நிறையத்தை மண்ணுல புதைச்சுட்டுப் போயிட்டாங்க, இன்னைக்கும் பழைய ராணுவ இடங்கள்ல தோண்டுறப்ப வெளிய வருது. இது மட்டும்தான் நான் மேல சொன்ன "பெரும்பாலும் இருக்காது"க்கு விதிவிலக்கு.

அதனால திரவம் இருக்கிற சீல் வச்ச கண்ணாடிக் குப்பி, போல்ட் போட்ட இரும்பு உருளை, மண்ணுக்குள்ள இருந்து எடுத்ததுன்னு சொல்ற எந்த ராணுவ டப்பாவும், லேபிள் இல்லாத எண்ணெய்ப் பிசுக்கு, இதுல எது கண்ணுல பட்டாலும் தொடாதீங்க, நகத்தாதீங்க. மஸ்டர்டு பூண்டு மாதிரி, லூயிசைட் ஜெரானியம் மாதிரி, ஃபாஸ்ஜீன் ஈர வைக்கோல் மாதிரி வாசம் வரும்னு படிச்சிருப்பீங்க, அதை மோந்து பாத்து செக் பண்ற வேலை வேண்டவே வேண்டாம், வாசம் தெரியுற அளவுக்கு வந்துட்டா ஏற்கனவே உள்ள போயிடுச்சுன்னு அர்த்தம், மஸ்டர்டு பட்டா கொப்புளம் வர பல மணி நேரம் ஆகும், அதுவரை ஒண்ணும் தெரியாது. காத்து வர்ற திசைப் பக்கமா தள்ளிப் போய் போலீஸுக்கோ அவசர சேவைக்கோ போன் பண்ணுங்க. "என் கலெக்ஷனைப் பிடுங்கிடுவாங்க"ன்னு நினைச்சுத் தயங்குறவங்க இருக்காங்க. பிடுங்கட்டும்.

சூட்

கரி பூசின சூட்டுகள், பிரிட்டிஷ் மார்க் 4, அமெரிக்க பிடிஓ மேலுடை மாதிரி, வேக்குவம் பண்ண பாக்கெட்ல வந்தா பிரிக்காம வைங்க, விலையும் நிக்கும். பிரிச்சுட்டா உள்ள இருக்கிற கரி அடுக்கு வருஷம் ஆக ஆக உதிர ஆரம்பிக்கும், போட்டுக் கழட்டினா கழுத்து, கை மடிப்பெல்லாம் கருப்பா இருக்கும். ரெண்டாம் உலகப்போர் அமெரிக்க சிப்பாய் துணிகள்ல குளோரின் கலந்த ஒரு சரக்கு ஊறப் போட்டிருப்பாங்க, கை வச்சாலே பிசுபிசுன்னு இருக்கும், பிளீச் வாடை வரும், அதைத் தனியாத்தான் வைக்கணும், இல்லைன்னா பக்கத்துல இருக்கிற பித்தளைப் பட்டன், பக்கிள் எல்லாம் போயிடும். முதல் உலகப்போர் பிஹெச் ஹெல்மெட், அந்த துணிப்பை மாதிரி தலையில கவுக்கிறது, ஃபீனேட்ல ஊறினது, கையுறை இல்லாம தொடாதீங்க, கழுவினா துணியும் போச்சு வரலாறும் போச்சு.

ரப்பரைக் கழுவுறது, வைக்கிறது

முதல்ல ஃபில்டரைக் கழட்டி அடைச்சுத் தனியா வச்சுடுங்க, கழட்ட வராதுன்னா பலம் போடாதீங்க. வெதுவெதுப்பான தண்ணி, மைல்டு சோப்பு, மெத்துன்னு ஒரு துணி, இவ்வளவுதான். பெட்ரோல், தின்னர், ஸ்பிரிட், ஷூ பாலிஷ், எண்ணெய், சிலிகான் ஸ்ப்ரே எதுவும் வேண்டாம், அப்போதைக்குப் பளபளன்னு இருக்கும், அப்புறம் ரப்பர் ஊறி உப்பும், இல்ல பிசினா ஒட்டும். கண்ணாடிக்கு உள்பக்கம் பனி பிடிக்காம இருக்க ஜெலட்டின் பூசின மெல்லிசு வில்லை சில மாஸ்க்ல இருக்கும், அதுல தண்ணி பட்டா கரைஞ்சு போயிடும், கழட்டிட்டுக் கழுவுங்க.

ரப்பர் மேல வெள்ளையா படிஞ்சிருந்தா பூஞ்சைன்னு பதறாதீங்க. சீரா, மாவு தடவின மாதிரி மெல்லிசா இருந்தா அது ரப்பர்ல இருந்தே வெளிய வர்ற மெழுகு, இல்ல கந்தகம், துடைச்சா போகும், மறுபடி வரும், ஒண்ணும் பண்ண வேண்டாம். திட்டுத் திட்டா, பஞ்சு மாதிரி, முக்கியமா துணிப் பட்டை, தோல் பக்கம் இருந்தா அது பூஞ்சை, தனியா எடுத்துக் காய வைங்க, வெயில்ல இல்ல, நிழல்ல. பழைய செல்லுலோஸ் பிளாஸ்டிக் கண்ணாடி மஞ்சளாகி சுருங்கி வினிகர் வாடை அடிச்சா மத்த மாஸ்க்ல இருந்து பிரிச்சு வைங்க, அந்த அமில ஆவி பக்கத்துல இருக்கிறதையும் கெடுக்கும். அதுல நைட்ரேட் வகையா, அதாவது செல்லுலாய்டா, இருந்தா சட்டுன்னு தீப்பிடிக்கும், விளக்குக்குக் கிட்ட வேண்டாம்.

வைக்கிறப்ப உள்ள அமிலம் இல்லாத டிஷ்யூ பேப்பரைத் திணிச்சு முகத்தோட வடிவம் நிக்கிற மாதிரி வைங்க, பட்டையெல்லாம் தளர்த்தி விடுங்க, மனிதத்தலை பொம்மையில இறுக்கி மாட்டி வருஷக்கணக்கா விட்டா நெத்திப் பக்கம் வெடிக்கும். வெயில், சூடு, மோட்டார் ஓடுற இடம் (ஓசோன் வரும், ரப்பருக்கு எமன் அதுதான்), தாமிரம் பித்தளையோட நேரா உரசுறது, இந்த நாலையும் தவிர்த்தா சாதாரண ரூம் போதும்.

போட்டுப் பாக்கலாமா?

பழைய ஃபில்டரோட, கூடாது. எந்தச் சூழ்நிலையிலயும் கூடாது. ஃபில்டரைக் கழட்டிட்டு நல்லா துடைச்ச, கல்நார் உரசல் படாத முகப்பாகம் மட்டும்னா ஒரு போட்டோவுக்கு மாட்டலாம், அதுவும் கூட ஒரு ஆள் இருக்கணும், வெளிமூச்சு வால்வு ஒட்டிக்கிட்டு இருக்கான்னு விரலால பாத்துட்டு மாட்டணும். குழந்தைகளுக்கு எதையும் மாட்டாதீங்க. 1991 வளைகுடாப் போர் சமயத்துல இஸ்ரேல்ல ஸ்கட் ஏவுகணை பயத்துல புது மாஸ்க்கையே மாட்டின சிலர், ஃபில்டர் மூடியைக் கழட்ட மறந்து மூச்சுத் திணறி செத்துப் போனாங்க, நல்ல மாஸ்க்லயே இந்த கதின்னா பழசைப் பத்திச் சொல்லணுமா. பெயிண்ட் அடிக்க, பூச்சி மருந்து அடிக்க, தீ புகைக்குள்ள போக எடுக்கிறது தற்கொலை, கார்பன் மோனாக்சைடை இந்த ஃபில்டர் எதுவும் நிறுத்தாது, ஆக்சிஜன் குறைஞ்ச இடத்துல ஆக்சிஜனையும் கொடுக்காது.

நாடகம், போர்க்காட்சி நடிப்புன்னு கட்டாயம் மாட்டியே ஆகணும்னா ரெப்ளிகா வாங்குங்க. இல்லைன்னா 40 மில்லிமீட்டர் நேட்டோ மரை இருக்கிற பின்னாள் மாஸ்க்கை எடுத்து தேதி முடியாத புது ஃபில்டரைப் போட்டுக்கோங்க, ஜிபி-5 மரையும் 40தான், ஆனா புரியோட இடைவெளி கொஞ்சம் வேற, ஏதோ ஏறுற மாதிரி ஏறும், சரியா அடைக்காது.

உடைஞ்சா, தூக்கிப் போடணும்னா, விக்கணும்னா

ஃபில்டர் கீழ விழுந்து கொட்டிடுச்சுன்னா எல்லாரையும் ரூமை விட்டு அனுப்பிட்டு, ஃபேன் ஏசியை அணைச்சு, மாஸ்க் போட்டுக்கிட்டு, கொட்டினதை ஸ்ப்ரேயால நனைச்சு ஈர டிஷ்யூவால அள்ளி ரெண்டு கவர்ல கட்டுங்க, துடைப்பம் எடுக்காதீங்க. போட்டிருந்த துணியை உதறாம அதையும் கவர்ல போட்டுட்டுக் குளிங்க. ஃபில்டர், கிட், ட்யூப் எதையும் வீட்டுக் குப்பையில போடாதீங்க, எரிக்கவும் எரிக்காதீங்க, உள்ளூர் நிர்வாகத்துல ஆபத்தான கழிவு வாங்குற இடம் எதுன்னு கேட்டு, "பழைய கேஸ் மாஸ்க் ஃபில்டர், உள்ள கல்நார் இருக்கலாம்"னு எழுதி ஒட்டிக் கொடுங்க, சொல்லாம கொடுத்தா அங்க அதைக் கையில எடுக்கிறவருக்குத்தான் ஆபத்து.

அலமாரியில இருக்கிற ஒவ்வொரு கவர் மேலயும் அதே மாதிரி ஒரு லேபிள் ஒட்டுங்க, மாடல், வருஷம், உள்ள என்ன இருக்கலாம், திறக்கக் கூடாதுன்னு வீட்டுல இருக்கிறவங்க படிக்கிற பாஷையில. விக்கிறப்பவும் அதே லேபிளோட வித்துடுங்க, வாங்குறவர் "ஃபில்டரைத் திறந்து பாக்கலாமா"ன்னு கேட்டா அவருக்கு முகப்பாகத்தை மட்டும் கொடுங்க.